பெற்றோர் வழி வரும் சுதந்தரம்



வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசும்போது அடிக்கடி ஒரு கேள்வி எழும். அண்மையில் ஒரு நெசவாளரின் மனைவியும் அதையே கேட்டார். கணவருக்கு வயது 41. பீடி, சாராயம் தொடாதவர், ஒல்லியான உடம்பு. மாரடைப்போடு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய தகப்பனாரும் 45 வயதில் தறியிலேயே சாய்ந்து இறந்தவர். "ஐயா, இது யார் செய்த பாவம்?" என்று அந்த அம்மா அழுதார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்டதும் இதைத்தான். ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை. அவனைப் பெற்றவர்களையும் குற்றப்படுத்தவில்லை. "சாப்பாட்டில் கவனம் வையுங்கள்" என்று மட்டும் பல வருஷங்கள் சொல்லிவந்த நாங்களும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கொழுப்பு தண்ணீரில் கரையாது; இரத்தமோ பெரும்பகுதி நீர். ஆகவே நம் உடல் கொலஸ்ட்ராலைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்தப் புரதத்தின் பெயர் அப்போலிப்போபுரோட்டீன். மூட்டையின்மேல் எழுதிய விலாசம்போல, சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்று அது காட்டும். அதை உருவாக்கும் மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக நமக்கு வருகிறது. உதாரணமாக, அப்போ-ஈ என்ற புரதத்தில் 299 அமினோ அமிலங்கள் உண்டு. அதன் மூன்று முக்கிய வகைகளுக்குள் வித்தியாசம் இரண்டே இடங்களில்தான். ஆனாலும் நான்காம் வகை உள்ளவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாகக் கூடுகிறது. இரண்டாம் வகை உள்ளவர்களுக்குக் குறைகிறது.

நம் மக்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது 'லிப்போபுரோட்டீன் சிறிய ஏ'. நார்வே நாட்டு மருத்துவர் கோரே பெர்க் 1963-இல் இதைக் கண்டுபிடித்தார். கெட்ட கொலஸ்ட்ரால் உருண்டையோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதே இது. இரத்தத்தில் இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே நிர்ணயிக்கிறது. உணவினாலும் உடற்பயிற்சியினாலும் அது அதிகம் மாறாது.

தமிழர்களே இந்தியரில் பெரும்பான்மையாக வாழும் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சீனக் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகளுக்கு இதன் அளவு அதிகம். இன்னும் ஒரு வாய் எண்ணெய்ப் பலகாரம் தின்னாத பச்சைக் குழந்தைகள்! 1998-இல் சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினரும், தென்னிந்திய சர்க்கரை நோயாளிகளிடையே இதை இருதய நோய்க்கான தனிக் காரணியாக எடுத்துக்காட்டினார்கள்.

அப்படியானால் நம் கையில் ஒன்றும் இல்லையா? உண்டு.

முதலாவது, வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் இதையே அறிவுறுத்தியது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதிகம். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது.

இரண்டாவது, ஒருவருக்கு அதிகம் என்றால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, ஸ்டேட்டின் மாத்திரை இந்த அளவைக் குறைக்காது; ஆனாலும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைத்து மொத்த ஆபத்தைத் தணிக்கும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. புகையிலையை விடுவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் அவசியம்.

அந்த அம்மா தம் இரண்டு மகன்களையும் கூட்டிவந்தார். இளையவனுக்கு அளவு சரியாக இருந்தது, மூத்தவனுக்கு அதிகம். "அப்பா மாதிரியே நானுமா ஐயா?" என்று தலைகுனிந்து கேட்டான். "தம்பி, உன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாதது உனக்கு 17 வயதிலேயே தெரிந்துவிட்டதே" என்றோம். சற்று யோசித்துவிட்டு, "சித்தப்பாவையும் அத்தையையும் கூட்டிவரட்டுமா?" என்று கேட்டான்.

உங்கள் வீட்டிலும் யாராவது இளவயதில் மாரடைப்பால் போயிருந்தால், அவரைக் குறைசொல்லாதிருங்கள். மீதியானவர்களைச் சோதனைக்கு அனுப்புங்கள்.