இதய கமலக் கோலமும் கம்பியூட்டர் பாடமும்



தைப்பொங்கல் வந்தால் இஸ்தோப்புக்கு முன்னால் கோலம் இல்லாத லயம் ஏது? நம்ம அம்மாயி, அப்பாயிமார் பிரட்டுக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து போட்ட கோலங்கள் இன்றைக்குப் பழைய கொப்பிகளில்தான் கிடக்கின்றன. கூரைத்தகரம் ஒழுகி அந்தக் கொப்பியும் நனைஞ்சு போச்சுன்னா பிறகு கேட்பதற்கு ஆளில்லை. ஆகவே அவற்றைக் கம்பியூட்டரிலும் போனிலும் வரைந்து வைக்கும் வழியை இம்முறை படிப்போம். பாடத்துக்கு இதய கமலத்தை எடுத்துக்கொண்டோம்.

முதலில் கையால் போடும் முறை. நடுவிலிருந்து சுற்றிவர எட்டு வரிசை, வரிசைக்கு 5 புள்ளி, மொத்தம் 40. நடுவுக்குக் கிட்ட உள்ள புள்ளி 1, வெளியே உள்ளது 5. முதல் வரிசையின் 1இல் தொடங்கி அடுத்த வரிசையின் 3, அதற்கடுத்ததில் 5, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1. இப்படியே ஒரே பக்கமாகச் சுற்றினால் 40 புள்ளியையும் தொட்டுக் கையெடுக்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம்.

கம்பியூட்டருக்கு 'கிரிட்டா' என்ற படம் வரையும் மென்பொருள் இருக்கிறது. காசு கொடுக்கத் தேவையில்லை. அதில் 'மல்டிபிரஷ்' கருவியைத் தொட்டால் ஒரு கோடு இழுக்க, பல கோடு சேர்ந்து விழும். எப்படி விழவேண்டும் என்பதை 'டைப்' என்ற இடத்தில் சொல்லவேண்டும். நாங்கள் முதலில் ஏமாந்தது இங்கேதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் கோலம்தானே என்று 'மிரர்' வைத்தோம். கோலம் சிக்கலாகிப் போச்சு!

காரணம் லேசானது. மிரர் என்பது முகம் பார்க்கும் கண்ணாடி. வலது பக்கம் போகிற கோடு அதில் இடது பக்கம் போகும். இதய கமலமோ காற்றாடி மாதிரி, எல்லா இழையும் ஒரே பக்கம் சுற்றவேண்டும். அதற்கு 'சிமெட்ரி' என்ற வகைதான் சரி. 'ஸ்னோஃப்ளேக்' என்பதிலும் கண்ணாடி கலந்திருக்கிறது, அதுவும் வேண்டாம்.

சிமெட்ரி வைத்து, பிரஷ் எண்ணிக்கையை 8 ஆக்குங்கள். சுற்றும் மையத்தைத் தாளின் நடுவுக்கு நகர்த்தி, பிறகு அதைத் தொடாதீர்கள். புள்ளிக்கு ஒரு லேயர், இழைக்கு இன்னொரு லேயர். ஒரு வரிசைக்கு மட்டும் நேராக 5 புள்ளி வையுங்கள், 40உம் தானாக விழும். பிறகு அந்த வரிசைக்கும் அதன் வலப்பக்க வரிசைக்கும் இடையில் ஐந்தே இழை: 1இலிருந்து 3க்கு, 3இலிருந்து 5க்கு, 5இலிருந்து 2க்கு, 2இலிருந்து 4க்கு, 4இலிருந்து 1க்கு. ஐந்தெட்டு நாற்பது, கோலம் முடிந்தது. ஓர் இழை தவறி இடப்பக்கம் போனால் கோலத்தின் வடிவம் மாறிவிடும். அப்போது ஒரு தடவை 'அன்டூ' செய்தால் எட்டும் சேர்ந்து அழியும்.

போன் மட்டும் உள்ள பிள்ளைகள் 'ஐபிஸ் பெயின்ட்' செயலியில் ரூலர் அடையாளத்தைத் தொட்டு, சிமெட்ரி ரூலரில் 'ரொட்டேஷன்' எடுத்து, பிரிவை 8 ஆக்கலாம். விரல் நடுங்கிக் கோடு நெளிந்தால் 'ஸ்டெபிலைசர்' அளவைக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் கோடு விரலுக்குப் பின்னால் இழுபடும்.

எட்டுக்குப் பதில் 10 வைத்தால் என்ன? படம் அழகாகத்தான் வரும். ஆனால் ஒரே இழை இருக்காது, தனித்தனியாக ஐந்து வளையமாகிவிடும். கம்பியூட்டர் அதைச் சொல்லாது. கொப்பியைப் பார்க்காமலே கோலம் போடுகிற அம்மாயி விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த அறிவைப் படித்தவர்களும் லேசாக நினைக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் கோலத்தைக் கம்பியூட்டர் கணிதத்தின் இலக்கணமாக ஆராய்ந்து 1974இலேயே கட்டுரை வெளியிட்டார்கள்.

வரைந்ததை இரண்டு விதமாகச் சேமியுங்கள். கிரிட்டாவின் 'கேஆர்ஏ' கோப்பில் லேயர்கள் அப்படியே இருக்கும், பிறகு திருத்தலாம். 'பிஎன்ஜி' கோப்பு மற்றவர்களுக்கு அனுப்பவும் அச்சடிக்கவும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது, அந்தக் கோலத்தைச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.