பனி, வெண்பனி, உறைமழை



சென்ற குளிர்காலத்தில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், வெர்க்லாவுக்குத் தமிழில் என்ன?" என்று வினவினாள். கிளிநொச்சியிலுள்ள அம்மம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது, "இங்கே ஒரே பனி" என்றாளாம். அம்மம்மாவோ, "தலையில பனி படாமல் துணியைப் போட்டுக்கொள் பிள்ளை" என்றாராம்.

அம்மம்மாவில் குற்றமில்லை. எம் முன்னோர் முன்பனி, பின்பனி எனப் பருவங்களுக்குப் பெயரிட்டபோது அவர்கள் கண்டது புல்நுனித் துளியையும் விடியற்காலை மூடுபனியையுமே. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நாம் காண்பவை வேறு. பஞ்சுபோல் இறங்குவது வெண்பனி. நீராவி புல்லின்மேல் வெண்மையாய் உறைந்து படிவது உறைபனி. ஊட்டியில் அது படியும்போது தமிழக நாளேடுகளும் இச்சொல்லையே எழுதுகின்றன. நீராய் விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடிபோல் உறைவது உறைமழை. அது பூசும் பனிக்கட்டிப் படலமே வெர்க்லா.

கருவிகளின் பெயர்கள் இலகுவானவை. அளப்பது மானி: வெப்பமானி, மழைமானி, காற்றுவேகமானி. வளியமுக்கத்தை அளப்பதை நாம் இலங்கையில் பாரமானி என்று படித்தோம். தமிழகத்தார் காற்றழுத்தமானி என்பர். எது சரியென்று பெற்றோர் வழக்காட வேண்டியதில்லை. பிள்ளைகள் இரண்டையும் அறிந்திருக்கட்டும்.

வெப்பமானியைப் பற்றி ஒரு செய்தி. அயலிலுள்ள டோர்வல் விமான நிலையத்தில் 1957 ஜனவரி 15 அன்று வெப்பநிலை -37.8 பாகை செல்சியசுக்கு இறங்கியது. பாதரசம் உறைவது ஏறத்தாழ -38.8 பாகையில். இன்னும் ஒரு பாகை இறங்கியிருப்பின் பாதரச வெப்பமானி கல்லாகியிருக்கும்! ஆகவேதான் கடுங்குளிரை அளக்க மதுசார வெப்பமானி வேண்டும்.

எமக்கு மிக நெருக்கமானது மழைமானி. நாம் கற்பித்த வன்னிப் பாடசாலையில் மாணவர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைவீழ்ச்சியை அளந்து பதிவேட்டில் எழுதுவர். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஓர் இலீற்றர் நீர். 2008இல் இடம்பெயர்ந்தபோது மழைமானியும் பதிவேடும் அங்கேயே நின்றுவிட்டன. அவ்வாண்டு நவம்பரில் நிஷா சூறாவளியின் மழை கொட்டியது. தறப்பாளுக்கு வெளியே நேரான சுவருள்ள பால்மாப் பேணி ஒன்றை வைத்தோம். மறுநாள் 8.30க்கு மாணவர் இருவர் அடிமட்டத்துடன் வந்து நின்றனர். பேணி நிரம்பி வழிந்திருந்தது. "சேர், என்ன எழுதுறது?" என்றான் ஒருவன். "பேணியின் உயரத்துக்கு மேல்" என்று எழுதச் சொன்னோம். அளவு தெரியாதபோது அப்படித்தான் எழுத வேண்டும், ஊகித்து எழுதலாகாது.

இனி உறைமழைக்கு வருவோம். 1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கி ஐந்து நாட்களுக்கு மேலாக மொன்றியல் பகுதியில் விட்டுவிட்டு உறைமழை பெய்தது. சில இடங்களில் அதன் அளவு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். எமது ஊர் மாரியில் இது ஒரே நாளில் பெய்து, மறுநாள் வடிந்துவிடும். இங்கோ மேலே வெப்பமான காற்றுப் படையும், நிலத்தையொட்டி உறைநிலைக்குக் கீழான குளிர்ப் படையும் இருந்தன. மேலே உருகி நீரான துளிகள் குளிர்ப் படையூடாக உறையாமலே வந்து, கம்பியிலும் கிளையிலும் பட்டவுடன் உறைந்தன. அந்தப் பாரத்தால் உருக்குக் கோபுரங்களே மடிந்தன. கியூபெக்கில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அப்போது இங்கு வாழ்ந்த பெற்றோர் இன்றும் அதைச் சொல்வர். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்த மாணவி மறுவாரம் அம்மம்மாவிடம் "உறைமழை" என்று சொல்லி, அது எப்படி உறைகிறது என்பதையும் விளக்கினாளாம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அம்மம்மா கேட்டாராம்: "அப்ப மரமெல்லாம் பாரத்தில முறியுமே, பிள்ளை?"