புதுநூல்களை மதிப்பிடும் முறை

வாசிக்க நூலில்லை என்னும் குறை இக்காலத்து இல்லை; எதை வாசிப்பது என்னும் மயக்கமே மிகுதி. ஆண்டுதோறும் சென்னையில் நடைபெறும் புத்தகக் காட்சியிற் குவியும் புதுப் பிரசுரங்களைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். ஆதலின், அவற்றை மதிப்பிடும் முறை குறித்து நம் மாணாக்கர்க்குச் சில கூற விழைகின்றோம்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் சீ. இரா. அரங்கநாதன். நூலகத்துக்கென அவர் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு, வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்டவேண்டும், நூல் ஒவ்வொன்றும் உரிய வாசகரைச் சேரவேண்டும் என்னும் கருத்துடையன. ஆகவே, 'இது நல்ல நூலா?' என்று மட்டும் வினவுதல் போதாது; 'யாவர்க்கு நல்லது?' என்றும் வினவுதல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த தலமெனப் போற்றப்படுவது. இன்று அவ்வூர் தொடங்கி ஒரகடம் வரையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் மலிந்துள்ளன. அங்குள்ள பள்ளிச் சிறுவர்க்கும், வெளியூர்களினின்று வந்து அறையெடுத்துத் தங்கி, இரவு பகலென ஷிப்டு மாறி உழைக்கும் இளைஞர்க்கும் ஒரு படிப்பகம் அமைப்பதாகக் கொள்வோம். இராமாநுசர் சரித்திரம் கூறும் புதுநூல்கள் இரண்டு நம் கைக்கு வருகின்றன; ஒன்று சிறுவர்க்கு, மற்றொன்று பெரியோர்க்கு.

சிறுவர் நூலில் முதற்கண் நோக்கத்தக்கது உண்மை. திருக்கோட்டியூரில் அவர் உயரேறி நின்று மந்திரப் பொருளை யாவர்க்கும் வெளியிட்டார் என்பது குருபரம்பரை வழிவந்த செய்தி. அதனைச் சுவைபடக் கூறலாம். ஆயினும் 'என்பர்' என்னும் ஒரு சொல்லை விடலாகாது. விட்டால், அக்குழந்தை வளர்ந்து பிற நூல்களைக் கற்குங்கால் முன் கற்றதனைத்தையும் ஐயுறும். அடுத்தது நடை. வாய்விட்டுப் படித்தால், இடறும் இடத்தைச் செவியே காட்டிக்கொடுக்கும். படங்கள் சொல்லுக்கு மாறுபடாமையும், எழுத்துக்கள் கண்ணை வருத்தாமையும் பின்னர் நோக்கத்தக்கவை.

பெரியோர் நூலுக்குச் சோதனை இன்னும் கடியது. 1017 முதல் 1137 வரை 120 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார் என்பது மரபு; ஆராய்ச்சியாளர் சிலர் இதனை ஐயுறுவர். ஆசிரியர் அவ்வையத்தை மறைத்தனரா, எடுத்து ஆராய்ந்தனரா? கூறுவனவற்றிற்கு ஆதாரம் காட்டினரா? இவற்றாலேயே அந்நூலின் தரம் விளங்கும்.

இங்கு ஒரு தவறு நேர்வதுண்டு. பள்ளியை விட்டபின் நூலைத் தொடாத தொழிலாளிக்கு, எளிதாயிருக்குமென்று சிறுவர் நூலையே கொடுத்துவிடுகின்றனர். எளிமை வேறு, சிறுபிள்ளைத்தனம் வேறு. நாள்முழுதும் நுண்ணிய அளவுகளோடு பழகும் அவனுக்கு வாக்கியம் சிறிதாயிருக்கலாம், கருத்துச் சிறிதாயிருத்தலாகாது. முதல் நூல் தன்னை இழிவுபடுத்தியதெனக் கண்டவன் இரண்டாம் நூலை நாடி வாரான். ஒரு வாசகனை இழத்தல் சிறு நஷ்டமன்று.

அத்தொழிற்சாலைகளில் உதிரிப் பாகத்தை அளந்து பாராமல் வண்டியிற் பொருத்துவாரில்லை. நூலை மட்டும் அட்டையின் அழகும் ஆசிரியர் பெயரும் கண்டு ஏற்பது தகுமோ? முழுதும் படித்தபின்னரே மதிப்புரை எழுதுக. புகழினும் இகழினும் இடஞ்சுட்டிக் கூறுக. இவ்விடுமுறையில் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு புதுச் சிறுவர் நூலைத் தம் வீட்டுச் சிறுவரோடு உடனிருந்து படித்து, பத்து வரி எழுதி வருவாராக. அச்சிறுவர் எவ்விடத்துக் கொட்டாவி விட்டனர் என்பதையும் அதிற் குறிக்க மறவற்க.