இருபது ரூபாய் எமரித் தாள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வண்டியும் அதிலேயேதான் நின்றது. உள்ளே தண்ணீர் ஏறவில்லை, முதல் சாவியிலேயே எஞ்சின் கிளம்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிப்ரவரியில் மதுரைக்குப் போகும்போது, புதூர் பாண்டியாபுரம் டோல்கேட்டுக்கு முன்னால் தொண்ணூறில் வந்து பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையை உதறியது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்து, “டயர் வெடிச்சிட்டா?” என்றாள்.

என் மைத்துனன் வண்டி விஷயத்தில் தன்னைப் பெரிய ஆளாக நினைப்பவன். “வீல் பேலன்ஸிங்தான் அத்தான், சரியாப் போயிரும்” என்றான். பேலன்ஸிங் கோளாறு என்றால் பிரேக் மிதிக்காதபோதும் எண்பது தொண்ணூறில் ஆட வேண்டும். என் வண்டி மிதிக்காதவரை அலுங்காமல் குலுங்காமல் போனது. இந்த ஒரு வித்தியாசத்தை யோசித்திருந்தால் 900 ரூபாய் மிச்சம். அடுத்து ஒரு மெக்கானிக், “லோயர் ஆர்ம் புஷ் போயிருச்சு அண்ணாச்சி” என்றார். இரண்டு பக்கமும் மாற்றியதில் 4,600. நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

பின்பக்க டிரம்மா, முன்பக்க டிஸ்க்கா என்று பார்க்கும் வழியை நானேதான் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆளில்லாத ரோட்டில் நாற்பதில் போகும்போது, பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும். அப்போது ஆடினால் டிரம், ஆடாவிட்டால் முன்பக்கம். நம் வண்டிகள் பலவும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தானே. எனக்கு ஆடவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் கொடுத்தேன். நாலு நாள் தண்ணீரில் நின்றதில் பேட் ஒட்டியிருந்த இடம் அச்சுக் குத்தியதுபோல் கறுத்திருந்தது. கடைந்து கொடுத்தார்கள், 1,000 ரூபாய். இரண்டு மாதம் சுகமாக ஓடியது. திரும்ப நடுக்கம்.

இங்கேதான் நான் கெட்டேன். “டிஸ்க்கே கோட்டம் அண்ணாச்சி, திரும்பக் கடைஞ்சு பாப்பமா?” என்று மெக்கானிக் கேட்டார். நான்தான் வீறாப்பாக, “கடைசலே வேண்டாம், புதுசாவே போடுங்க” என்றேன். டிஸ்க், பேட், கூலி எல்லாம் சேர்த்து 7,500. பழைய டிஸ்க் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பல வண்டிகளில் டிஸ்க்கிலேயே மரை போட்ட துளை இரண்டு இருக்கும். போல்ட்டை அதில் முறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். அந்தப் பையன் சுத்தியலால் அடித்தான். அடிக்க அடிக்க அப்பளம் மாதிரித் துரு உதிர்ந்தது. டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஹப்பின் முகத்தில் மிச்சமிருந்த துருமேலேயே புது டிஸ்க்கை உட்கார வைத்து, ஏர் கன்னால் நாலு நட்டையும் டர் டர்ரென்று இறுக்கினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

4,000 கிலோமீட்டரில் நடுக்கம் திரும்ப வந்தது. மைத்துனன், “மலையில பிரேக்க மிதிச்சே இறங்கியிருப்பீங்க” என்றான். தூத்துக்குடியில் ஏது மலை? உப்பளத்தில் குவித்து வைத்திருப்பதுதான் மலை.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போய்க் கதவைத் தட்டுங்கள். காந்தக் கால் வைத்த டயல் கேஜோடு வந்தார். டயரைக் கழற்றி, நட்டுகளை வாஷர் வைத்து டிஸ்க்மேல் திரும்ப இறுக்கி, ஊசியை விளிம்பில் வைத்துக் கையால் சுற்றினார். வலப்பக்கம் 0.03 மில்லிமீட்டர். இடப்பக்கம் 0.14. ஊசி ஏறிய இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி, மறுபடி சுற்றினார். மேடு டிஸ்க்கோடு நகரவில்லை, ஹப்பின் கோட்டிலேயே நின்றது. “டிஸ்க்கு சுத்தமான பிள்ளைப்பா. உக்கார வச்ச இடந்தான் சரியில்ல” என்றார்.

ஹப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு துருப்பொருக்கு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். மாட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கு ஒரு தடவை டிஸ்க்கின் அதே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். மைக்ரான் கணக்கில்தான், ஆனால் தொண்ணூறில் சக்கரம் வினாடிக்குப் பதினான்கு சுற்றுச் சுற்றுகிறது, கை உதறாமல் என்ன செய்யும்? அதனால்தான் எதை மாற்றினாலும் முதலில் சரியாகி, பிறகு திரும்பியது.

கம்பி பிரஷ், 20 ரூபாய் எமரித் தாள், அரை மணி நேரம். ஹப் வெள்ளிபோல் ஆனது. புது டிஸ்க்கையும் லேசாகக் கடைய வேண்டியிருந்தது. திரும்ப வைத்துப் பார்த்தபோது 0.04. காலிப்பர் பின் இரண்டையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போட்டோம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சால் இறுக்கினார். அந்த ரெஞ்ச் இப்போது என் டிக்கியில் இருக்கிறது. பஞ்சர் கடையில் ஏர் கன்னோடு பையன் வந்தால் கையை நீட்டித் தடுக்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அதற்குப் பிறகு 11,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது.

டேஷ்போர்டைச் சுத்தம் செய்தபோது பழைய லேத் பில் கிடைத்தது. கடைந்த பிறகு டிஸ்க்கின் கனம் 19.2 என்று அதில் பேனாவால் எழுதியிருந்தார்கள். அந்த டிஸ்க்கின் ஓரத்தில் 18 வரை போகலாம் என்று அச்சடித்திருந்ததைக் கழற்றிய அன்றே படித்திருந்தேன். பழைய டிஸ்க் இரண்டையும் பழைய இரும்புக் கடையில் 220 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். மைத்துனனுக்கு இது தெரியாது.