கும்பிட்ட கையைப் பிரித்துப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவே சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பால்குடங்கள் கிளம்பிவிடும். டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை வழிநெடுக நம் இளையர்கள் விடிய விடியத் தொண்டு செய்கிறார்கள். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், நாற்காலியின் சாய்மானத்தில் கையைத் தொங்கப் போட்டபடியே அசந்து தூங்கிவிடுவோம். எழுந்ததும் கை மரத்திருந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் மணிக்கட்டு தொங்கிப்போய், எவ்வளவு முயன்றாலும் தூக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் ரேடியல் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று பொருள்.

எங்கே ஓடுகிறது?

ஆரை நரம்பு என்றும் சொல்லப்படும் இந்த நரம்பு கழுத்திலிருந்து அக்குள் வழியாக வருகிறது. மேற்கை எலும்பின் பின்பக்கம் அதை ஒட்டியே சுற்றிக்கொண்டு முன்கைக்கு இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்குவது இதன் வேலை. எலும்போடு ஒட்டி ஓடுவதுதான் இதன் பலவீனம்.

எதனால் பாதிக்கப்படும்?

• மிகுந்த அசதியிலோ மது போதையிலோ கை அழுந்தியபடி நெடுநேரம் தூங்குவது. போதையில் உடல் புரண்டு படுக்காது. அதனால் ஆபத்து அதிகம்.
• ஊன்றுகோலை அக்குளில் அழுத்தி நடப்பது.
• மேற்கை எலும்பு முறிவு. பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நரம்பும் பாதிக்கப்படுகிறது. நண்பர்களுக்குள் கை மடக்கும் போட்டியில்கூட இந்த எலும்பு முறுக்கி உடையலாம்.
• கண்ணாடி, கத்தி போன்றவற்றால் ஏற்படும் ஆழமான வெட்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரு கைகளையும் சேர்த்துக் கும்பிடுங்கள். பிறகு உள்ளங்கைகளை மெதுவாகப் பிரியுங்கள். நல்ல கையின் விரல்கள் நிமிர்ந்தே நிற்கும். பாதித்த கையின் விரல்கள் மடங்கிச் சரியும். கட்டை விரலைத் தூக்கி ‘சூப்பர்’ காட்டவும் முடியாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, புறங்கையில் மரத்துப்போயிருக்கும்.

இது ஓர் அறிகுறிதான். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். கூடவே முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கால் பலவீனமாவது இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995-ஐ அழையுங்கள். அடிபட்டிருந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். நரம்பின் மின்னோட்டத்தையும் தசையையும் சோதிப்பது வழக்கமாக 3 வாரம் கழித்துத்தான். அதற்கு முன் செய்தால் பாதிப்பின் அளவு சரியாகத் தெரியாது.

எப்போது தேறும்?

1943-இல் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு அழுந்தியதோடு சரி. சில நாளில் தொடங்கி இரண்டு, மூன்று மாதத்துக்குள் கை திரும்பிவிடும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்து, மேலுறை மட்டும் இருக்கும். இழைகள் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். 12 சென்டிமீட்டர் போக வேண்டுமானால் கிட்டத்தட்ட நான்கு மாதம்! முதலில் மணிக்கட்டு எழும்பும், விரல்கள் கடைசியில். மூன்றாவதில் நரம்பே துண்டாகிவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் அது சேராது.

தூக்கத்தில் அழுந்தியது பெரும்பாலும் முதல் வகைதான். சாதாரண எலும்பு முறிவோடு வரும் பாதிப்பும் பெரும்பாலோருக்குத் தானே குணமாகிறது. மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால், வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்கும்படி மாற்றிப் பொருத்தலாம். 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதும் இந்தத் தசைநாண் மாற்று முறையில்தான்.

நாம் செய்ய வேண்டியது

“சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்” என்று வீட்டில் அன்போடு சொல்வார்கள். எலும்பு உடைந்திருந்தால் நீவுவது நரம்பை இன்னும் கெடுக்கும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடிபட்டிருந்தாலும் வெட்டுப்பட்டிருந்தாலும் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நரம்பு வளரும்வரை கையைச் சும்மா தொங்கவிடக் கூடாது. மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டையை அணிய வேண்டும். முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, நல்ல கையால் பாதித்த கையைத் தாங்கித் தினமும் கும்பிடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூட்டு இறுகிவிட்டால், நரம்பு திரும்பினாலும் கை திரும்பாது. மரத்த இடத்தில் சூடு தெரியாது, சமையலறையில் கவனம்.

நண்பருக்கு இப்படி நேர்ந்தால் “இன்னும் சரியாகலையா?” என்று தினமும் கேட்காதீர்கள். சட்டைப் பொத்தான் போடவும், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கவும் ஒரு கை கொடுங்கள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது காத்திருப்பவருக்கு ரொம்பத் தூரம்.