ஒரு வெள்ளி கிளினிக்கில் தொடங்கலாம்

பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டிலோ கிள்ளான் தாமானிலோ பள்ளிப் பிள்ளை ஒருத்தி கருவுற்ற செய்தி கசிந்தால், உடனே மண்டபம் எடுத்து ஒழுக்கச் சொற்பொழிவு வைத்துவிடுகிறோம். முன்வரிசையில் அம்மாக்கள், பிள்ளைகள் வாசலில், கைப்பேசியோடு. அந்த வாடகைக் காசை ஓர் இளையோர் குழு அமைக்கச் செலவிடுங்கள்.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். கிள்ளானில் அனிகா, பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குத் தங்ளின். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். 10 முதல் 19 வயதினருக்கான உடல்நலப் பரிசோதனைப் படிவத்தை (அங்கே 'பிஎஸ்எஸ்கே' என்பார்கள்) எந்த நாளில் நிரப்புகிறார்கள் என்று தாதியிடம் கேளுங்கள். சளிக்கு வந்த பிள்ளையிடமும் மனநிலை, பழக்கவழக்கம் பற்றிப் பேச்சைத் தொடங்க அது உதவும். பிற்பகல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். காலை வரிசையில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துவிட்டால் பிள்ளை மறுபடி வராது.

அடுத்து, ஓர் அக்காவைத் தேடுங்கள். ஐந்தாறு பெண்களுக்கு ஒருவர், மாதம் ஒருமுறையாவது தனித்தனியே பேசுபவர். அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் வட்டாரக் கிளினிக்குகளில் 'பிரைம் டைம்' என்ற திட்டம், 13 முதல் 17 வயதுப் பெண்களுடன் 18 மாதங்கள் இப்படித்தான் நடந்தது. தனிப் பேச்சோடு தலைமைப் பயிற்சியும் உண்டு. வழக்கமான கிளினிக் சேவை மட்டும் பெற்றவர்களைவிட இதில் சேர்ந்த பெண்கள் கருத்தடையை ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். ஆகவே அக்கா எஸ்பிஎம் பாடத்தையும் கேட்கட்டும், வேலைக் கனவையும் கேட்கட்டும். ஆணுறை பற்றிக் கேட்டால் கூச்சமின்றிப் பதில் சொல்லட்டும்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுடன் உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், வன்புணர்வுக் குற்றம். சிறார் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். 18 நிரம்பாதவரின் சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையன்கள்? நம் கூட்டங்களில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஃபுட்சால் முடிந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் நேரத்தில் ஓர் அண்ணன் போய்ப் பேசினால் போதும்.

எல்லார் கைப்பேசியிலும் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை முதல் நாளே பதியச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். நாள் தள்ளிப்போனதும் முதலில் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒருவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெயர் அம்மாவாக இல்லாவிட்டால் அம்மாக்கள் கோபப்பட வேண்டாம்.