காரம் என்னும் சொல்

‘மிளகாய்க் காரமும் சாயக் காரமும் ஒன்றா?’ என்று அங்கத்தினர் வினவக் கேட்டுள்ளோம். அல்ல. இரசாயனத்தில் காரம் என்பது அமிலத்தை முறித்து, சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் பொருள். ஆங்கிலத்தார் இதனை ‘ஆல்கலி’ என்பர். அது செடிச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லின் வழிவந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்தே முன்னாளில் சோடா எடுத்தனர். துணி வெளுக்க உதவிய உவர்மண்ணும் இவ்வினமே.

நெசவாளர் சாயமிடப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா வலிய காரம். பருத்தி நூல் அதனைத் தாங்கும். பட்டும் தோலும் வெந்துபோகும். ஆதலின் கையுறை அணிந்து, தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடுக. சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றற்க.

கோவில்பட்டிக் கரிசல் மண்ணும் பெரும்பாலும் சிறிது காரத்தன்மை உடையதே. அதில் சோடியம் மிகுந்தால் மண் இறுகும், மழைநீர் உள்ளிறங்காது. மானாவாரிக்கு அதனினும் பெருங்கேடு வேறில்லை. மண்ணைச் சோதித்தறிந்து, தேவையாயின் ஜிப்சம் இடுவோமாக.